சாதாரணப் பந்து

என் புருஷன் பேட்டோடு வெளியே வந்தால் போதும், என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பேஸ்பால் வீரர்களின் மனைவிமார்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கைப்பைக்குள் ஏதோ தொலைந்துபோகும். குனிந்து தேடுவார்கள். அவன் அவுட்டாகித் திரும்பிப் போன பிறகுதான் அது கிடைக்கும். ஒருத்தியாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "போனா போகுது விடு" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களுடைய இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றானென்றால் கதையே வேறு. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப்பின் இடத்தில் ஃபெர்மின் நிற்கும்போது, தரையோடு வரும் பந்து ஒன்று அவனைத் தாண்டிவிட்டால் ஜனங்கள் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள், பந்தைத்தான் சந்தேகப்படுவார்கள். விழுந்து பிடிப்பான். எழும்போதே எறிந்துவிட்டிருப்பான். அடித்தவன் மூச்சிரைக்க முதல் பேஸுக்கு ஓடி வந்தால், அவனுக்கு முன்னாலேயே பந்து அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். பந்து வீசும் எங்கள் பிட்சர்கள் அவனைக் கும்பிடாத குறைதான்.

அதே கையில் பேட்டைக் கொடுத்தால், என் தாயே! பெரிய லீகின் பந்துவீச்சு அவனுக்குப் பிடிபடவே இல்லை. வேகமாக வந்தால் தாமதம், வளைந்து வந்தால் காற்றுக்கு அடி. கடைசியில் ஆடும் பிட்சருக்கு ஒரு படி முன்னால், எட்டாவது ஆளாக அவனை அனுப்புவார்கள். சில நாள் அந்தப் பிட்சரே அவனைவிட நன்றாக அடித்துத் தொலைப்பான். மேல்வரிசைக் குடிகாரன் ஒருவன் தினமும் கத்துவான்: "ஏய் ஃபெர்மின், பேட்டை வித்துட்டு இன்னொரு கையுறை வாங்கிக்கோ!" ஒருநாள் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவன் தலையைப் பார்த்து வீசினேன். குறி தப்பவில்லை. எங்கள் வீட்டில் நன்றாக வீசுகிறவள் நான்தான்.

எங்கள் தீவில் எங்களுக்கு ஊர் சான் பெத்ரோ, கரும்பு ஆலைக்குப் பின்தெரு. அங்கே பிள்ளைகளுக்குப் பந்து ஏது, பேட் ஏது? சோடா மூடியை வீசுவோம், துடைப்பக் கட்டையால் அடிப்பார்கள். மூடி இருக்கிறதே, அது எந்தப் பந்தையும்விட மோசமாக வளையும். கடல் தாண்டி இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்த பிறகும், காலையில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நான் அவனுக்கு மூடி வீசினேன். ஒன்று விடாமல் அடிப்பான். பக்கத்து வீட்டுக் கூரையெல்லாம் மூடி.

"பாத்தியா அல்தா! எப்படி அடிச்சேன்!" என்று குதிப்பான்.

"அடிச்ச, சரி. இதையே அங்க போய் அடி மகராசா."

"அங்க நீ வீசலையே, நான் என்ன பண்ண?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அந்தச் சிரிப்பு அந்த வெள்ளிக்கிழமை அவனிடம் இல்லை. வீட்டுக்கு வந்தவன் காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை பெரிய அதிகாரி மேட்ச் பாக்க வர்றாராம்," என்றான். "கீழ் லீக்ல ஒரு பையன் வெளுத்து வாங்குறானாம். அவனை மேல கொண்டுவரணும்னா இங்க ஒரு ஆளு போகணும்."

"அந்தப் பையன் பந்து பிடிப்பானா?"

"சல்லடையாம். ஆனா அடிக்கிறான்ல?"

"உங்க ஹாஸ்கின்ஸ் என்ன சொல்றார்?" ஹாஸ்கின்ஸ்தான் அணியின் மேனேஜர். முரட்டு மனுஷர், ஆனால் என் புருஷனின் கையுறைமேல் அவருக்கு உயிர்.

"'தம்பி, உனக்காக நான் மேல போய்ச் சண்டை போடறேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு ஹிட்டாவது குடு. ஒரே ஒன்னு. வெறுங்கையோட போய் நான் எப்படிச் சண்டை போடறது?'ன்னார். பாவம், அவர் குரலே உடைஞ்சு போச்சு."

அவன் கடைசியாக ஹிட் அடித்தபோது, அதாவது தன் அடியாலேயே பேஸில் போய்ச் சேர்ந்தபோது, நான் குளிருக்கு மேலங்கி போட்டுக்கொண்டு போனேன். இப்போதோ வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வயதில் கீழ் லீகுக்குப் போனால் பிறகு யாரும் மேலே கூப்பிட மாட்டார்கள், ஏணியையே எடுத்துவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போய் வாழைக்காய் வறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணிக்குப் பந்து வீசப்போகிறவன் யாரென்று கேட்டீர்களானால், நிக்கானோர். எங்கள் தெருக்காரன், என் அண்ணனோடு ஒட்டிப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த அணிக்கு ஆடினாலும் சரி, நம் தீவுக்காரன் ஊருக்கு வந்தால், அந்த ஊரில் குடியிருக்கும் தீவுக்காரி அவனுக்குச் சமைத்துப் போட வேண்டும். மைதானத்தில் வெட்டிக்கொண்டாலும் சாப்பாட்டு மேசையில் அவன் கூடப்பிறந்தவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் நிக்கானோர் வந்தான். கோழியும் மாடும் மரவள்ளியும் போட்டு ஒரு பெரிய பானை சாங்கோச்சோ கொதிக்கவிட்டிருந்தேன். ஐஸ் வாங்கி வரச் சொல்லி ஃபெர்மினைக் கடைக்கு அனுப்பினேன். வீட்டில் ஐஸ் இருந்தது.

"அண்ணே, நாளைக்கு நீதானே வீசற?"

"ஆமா தங்கச்சி. அதுக்காகக் குழம்புல எதையாவது கலந்துட்டியா?"

"அவனுக்கு ஒன்னு போடு."

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"நேரா, நடுவுல, வேகமில்லாம. ஒரே ஒன்னு," என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? தெரிஞ்சா என் தோலை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"என் வீட்டுச் சோத்துல கை வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்லாத."

"அடிப்பாவி! அதுக்குத்தானா இவ்வளவு கோழி?" என்று தட்டைத் தள்ளினான். பிறகு இழுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "தங்கச்சி, கோவிச்சுக்காத. நான் போட்டா மட்டும் அவன் அடிச்சுடுவானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் என்னைத் தின்ற பயத்தை இவன் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டானே! "அது உனக்கெதுக்கு? நீ போடு. அவன் அடிச்சா அடிக்கிறான், அடிக்காட்டி என் தலையெழுத்து."

"பேஸ்ல ஆள் இல்லாத நேரமாப் பாத்து முதல் பந்து போடறேன். அவன்கிட்ட மூச்சு விடாத."

"சொன்னா நம்ம ரெண்டு பேர் மண்டையையும் உடைப்பான். அப்பவாவது பேட் எதுலயாவது படும்."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஐஸோடு ஃபெர்மின் நுழைந்தான். என்ன சிரிப்பு என்று கேட்டான். "உன் பேட்டிங்கைப் பத்தித்தான் மச்சான்," என்றான் நிக்கானோர். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். பெரிய அதிகாரி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது இன்னிங்ஸில், பேஸில் ஆள் இல்லாதபோது ஃபெர்மின் ஆட வந்தான். பக்கத்தில் முதல் பேஸ்காரனின் மனைவி டார்லின் கைப்பையைத் திறந்தாள். "இன்னிக்கு நிமிந்து பாரு டார்லின்," என்று அவள் முழங்கையைப் பிடித்தேன்.

எந்தப் பந்தை வீசுவதென்று கேட்சர் விரலால் ஏதோ சொன்னான். நிக்கானோர் தலையாட்டி மறுத்தான். கேட்சர் மறுபடி சொன்னான். மறுபடி மறுத்தான். பிறகு வீசினான். தாயே, எப்படிப்பட்ட பந்து! பழுத்த பப்பாளி மாதிரி, நேராக, நடுவில், அவசரமே இல்லாமல் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பந்தைப் பார்த்ததில்லை, வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபெர்மினும் அதைத்தான் செய்தான். பார்த்துக்கொண்டு நின்றான். பேட் தோளைவிட்டு அசையவில்லை. நடுவர் ஸ்ட்ரைக் என்று கத்தினார். இப்படி மூன்றானால் அவுட்.

"அடிடா! அடிச்சுத் தொலையேன்டா!" என்று நான் கத்தியது எங்கள் மொழியில். சுற்றியிருந்தவர்கள் நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக் கைதட்டினார்கள். நிக்கானோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வளைந்த பந்து. ஃபெர்மின் காற்றை அடித்து அடித்து அவுட்டானான். டார்லின் கைப்பைக்குள் மறுபடி குனிந்தாள்.

ஐந்தாவது இன்னிங்ஸில் நிக்கானோரே ஆட வந்தான். இரண்டாவது பேஸில் அவர்கள் ஆள் ஒருவன் நின்றான். நிக்கானோர் அடித்த அடி தரையோடு சீறிக்கொண்டு மூன்றாவது பேஸ் பக்கமாக, ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து வெகுதூரம் விலகிப் போனது. ஹிட் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஃபெர்மின் எப்போது கிளம்பினான், எப்போது போய்ச் சேர்ந்தான்! கையைக் குறுக்கே நீட்டி, புல் ஆரம்பிக்கிற இடத்தில் பந்தைப் பிடுங்கி, கால் ஊன்றக்கூட நேரமில்லாமல் திரும்பி எறிந்தான். நிக்கானோர் அரை அடியில் அவுட். மைதானம் எழுந்து நின்றது. வெள்ளைத் தொப்பிகூடக் கைதட்டியது.

"டேய் பாவி! ஒன்னாவது விடக்கூடாதாடா?" என்று முதல் பேஸிலிருந்து நிக்கானோர் கத்தியது எங்கள் வரிசைவரைக்கும் கேட்டது. ஃபெர்மின் பல்லைக் காட்டிக்கொண்டு கையுறையைத் தட்டிக் காட்டினான்.

அவன் ஒரு பந்தைப் பிடித்ததற்காக என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன்மேல் ஆத்திரப்பட்டேன். உனக்கு ஒன்று போட்டவன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாயே, இனி எப்படிப் போடுவான்?

ஏழாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட், பேஸில் ஆள் இல்லை. வேறு ஒருவனை அனுப்பாமல் ஹாஸ்கின்ஸ் ஃபெர்மினையே அனுப்பினார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனுஷர். நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மூடினால் துரோகம் மாதிரி இருந்தது. நிக்கானோர் எங்கள் வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். கேட்சருக்குத் தலையாட்டி மறுத்தான். நான் கேட்டது ஒன்றுதான். அந்த நல்லவன் இரண்டாவதையும் போட்டான்.

இந்தத் தடவை ஃபெர்மின் அடித்தான். சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து தரையோடு சீறிக்கொண்டு மூன்றாவது பேஸ் பக்கமாக, ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து வெகுதூரம் விலகிப் போனது. நிக்கானோர் அடித்தது போன அதே இடம், அதே புல் விளிம்பு. அவர்களுடைய ஷார்ட்ஸ்டாப் விழுந்தடித்து ஓடினான். கையைக் குறுக்கே நீட்டினான். பந்து கையுறைக்குள் போய், வெளியே துள்ளி விழுந்தது. அவன் அதைப் பொறுக்கும்போது ஃபெர்மின் முதல் பேஸைத் தாண்டிவிட்டான்.

நான் டார்லினைக் கட்டிப்பிடித்து அவள் தொப்பியை நசுக்கிவிட்டேன். "பலகையைப் பாரு, பலகையைப் பாரு," என்றாள் அவள். ஹிட்டா, எதிராளியின் தவறால் கிடைத்ததா என்று ஸ்கோரர் முடிவுசெய்து பலகையில் விளக்குப் போடுவார். தவறு, அதாவது எரர் என்றால், அடித்தவன் கணக்கில் ஒன்றும் ஏறாது. பலகை வெகுநேரம் சும்மா இருந்தது. முதல் பேஸில் நின்றுகொண்டு ஃபெர்மினும் அதையே பார்த்தான். அப்புறம் விளக்கு எரிந்தது. எரர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆட்டம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோற்றோம். ஃபெர்மினுக்கு மறுபடி ஆட வாய்ப்பு வரவில்லை. எழுந்து நேராகப் படியேறிப் பத்திரிகைக்காரர்களின் அறைக்குப் போனேன். வாசலில் நின்றவன் பெண்களுக்கு அனுமதி இல்லை என்றான். "நான் பெண்ணா வரல, பெண்டாட்டியா வந்திருக்கேன்," என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஸ்கோரர் ஸ்டிக்னி உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், தடித்த கண்ணாடி. என் புருஷனைப் பற்றி ஊரில் யாராவது நல்லதாக எழுதினார்கள் என்றால் இவர்தான். அவனுடைய ஒவ்வொரு பிடியையும் பிள்ளைபெற்ற தகப்பன் மாதிரி வர்ணிப்பார்.

"ஏன் சார் எரர் போட்டீங்க?" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்.

"மேடம், அது சாதாரணமாப் பிடிக்க வேண்டிய பந்து."

"எது சாதாரணம்?"

"ரெண்டு இன்னிங்ஸ் முன்னாடி அதே பந்தை உங்க வீட்டுக்காரர் பிடிக்கலையா? மூணு வருஷமா அதே இடத்துல பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கார்? கண்ணாலே பாத்துட்டு எப்படி ஹிட்டுனு போடறது?"

தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்பார்கள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"வேற எந்த ஊர்லயாவது அது ஹிட் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஊர்ல ஹிட்டுதான்," என்றார் மெதுவாக.

"அப்ப அது சாதாரணம் இல்ல சார். என் புருஷன் செஞ்சு செஞ்சு உங்களுக்கு அது சாதாரணமாப் போச்சு. அதைச் சாதாரணமாக்கினவனையா இப்ப கீழ் லீகுக்கு அனுப்பப் பாக்கறாங்க?"

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. விஷயம் அவருக்குத் தெரியாது. சொன்னேன். அழக்கூடாதென்று நினைத்தேன், முடியவில்லை. ஸ்டிக்னி எழுந்து கோட்டை மாட்டினார்.

"கீழ போய் ஃபெர்மினையே கேக்கறேன். பந்து பிடிக்கிற விஷயத்துல அவர் சொன்னா எனக்கு வேதவாக்கு. பிடிக்க முடியாத பந்துன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மாத்திடறேன்."

எனக்கு அவர் கையை முத்தமிட வேண்டும் போலிருந்தது. வீரர்களின் அறைக்குள் மனைவிமார் போக முடியாது. கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடிப்போய் எங்கள் காரில் சாய்ந்துகொண்டு கன்னிமாதாவை அழைத்தேன். அவனுக்கு ஒரு சைகை காட்டக்கூட வழியில்லை. நிக்கானோர் தன் அணியின் பஸ்ஸுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தான்.

"ரெண்டு போட்டேன் தங்கச்சி."

"கடவுள் உன்னை நல்லா வைப்பார் அண்ணே. ஸ்கோரர் மாத்தப் போறார். ஃபெர்மின் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நிக்கானோரின் முகம் மாறியது. "எந்த வார்த்தை?" என்றான். சொன்னேன். என் தலையில் கையை வைத்துவிட்டுப் பஸ் ஏறினான். அப்போது எனக்குப் புரியவில்லை.

வெகுநேரம் கழித்து ஃபெர்மின் வந்தான். தோளில் பெரிய பை. அதில் அவனுடைய எல்லாக் கையுறைகளும் இருந்தன. அதை அவன் மைதானத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே கிடையாது.

"ஸ்கோரர் வந்தாரா?"

"வந்தார்."

"என்ன கேட்டார்?"

"அந்தப் பந்து பிடிக்கக்கூடியதா, பிடிக்க முடியாததான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

பையைக் கீழே வைத்தான். "நான் பிடிச்சிருப்பேன்னு சொன்னேன்."

"ஹாஸ்கின்ஸ்?"

"பக்கத்துலதான் நின்னார். மேல போறதுக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு நின்னார். அப்புறம் கழட்டிட்டார்."

கைப்பையால் அவன் நெஞ்சில் அடித்தேன். தோளில் அடித்தேன். "பொய் சொல்ல வாய் வரலையா உனக்கு? எங்கிட்ட எத்தனை சொல்லியிருக்க! எங்கம்மா சமையல் நல்லாருக்குன்னு சொல்லல? ஒரு பொய்! ஒரே ஒரு பொய்!" அவன் தடுக்கவில்லை. நான் ஓயும்வரை நின்றான்.

"முடியாத பந்துன்னு சொன்னா, அஞ்சாவது இன்னிங்ஸ்ல நான் பிடிச்சது என்ன அல்தா? குருட்டு அதிர்ஷ்டமா?"

கைப்பையை இறக்கினேன்.

"நிக்கானோர் மூணாவதுல ஒன்னு போட்டான், பாத்தியா?" என்றான். "இப்ப வளையும், இப்ப வளையும்னு நின்னேன். கடைசிவரைக்கும் வளையவே இல்ல."

நான் வீசிய மூடிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அதில் ஒன்றுகூட நேராகப் போனதில்லை.

"அந்த ஷார்ட்ஸ்டாப் பையன் தப்பான காலை முதல்ல எடுத்து வச்சான்," என்றான். "அதான் கை எட்டல. இங்க பாரு." காலியாகக் கிடந்த அந்த நிறுத்துமிடத்தில் நாலு எட்டு நடந்து போனான். குனிந்து நின்றான். இல்லாத பந்து ஒன்று இல்லாத பேட்டிலிருந்து கிளம்பியதைப் பார்த்தான். குறுக்கே பாய்ந்து, கையை நீட்டிப் பிடுங்கி, திரும்பி, என்னைப் பார்த்து எறிந்தான். சட்டையும் வெறும் செருப்புமாக இருந்தான். ஒரு குறையும் இல்லை. என் கை தானாகவே நெஞ்சுக்கு நேரே போய் அதை வாங்கிக்கொண்டது.

"பாத்தியா? சாதாரணப் பந்து," என்றான்.

"ஆமா, உனக்கு," என்றேன்.